முதலில் பெயர்கள், பிறகு விழா: வாழ்வின் மைல்கற்களை நன்றியோடு கொண்டாட ஒரு முழுமையான வழிகாட்டி

அப்பா பணி ஓய்வு பெற்ற நாளை நாங்கள் நன்றாகவே கொண்டாடினோம். மண்டபம், விளக்குகள், பழைய படங்களைக் கோத்து ஒரு வீடியோ எல்லாம் இருந்தன. மேடையில் நான்தான் பேசினேன். "அப்பாவோடு இத்தனை ஆண்டுகள் கூட வந்த அத்தனை பேருக்கும் நன்றி" என்று முடித்தேன். நல்ல கைதட்டல். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே அப்பா கேட்டார்: "அவரைக் கூப்பிடலையாப்பா?"

எவரை என்றே எனக்குத் தெரியவில்லை. அம்மா எட்டு மாதம் படுத்த படுக்கையாக இருந்தபோது, அப்பாவின் இரவு ஷிப்டுகளைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அவரை வீட்டில் இருக்கவிட்ட சக ஊழியர் அவர். எனக்கு அப்போது ஆறு வயது. ராத்திரியில் அப்பா பக்கத்தில் இருந்தது ஞாபகம் இருக்கிறது. அவரை அங்கே இருக்கவிட்டவர் யார் என்று யோசித்ததில்லை. அந்த மனிதர் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிட தூரத்தில்தான் குடியிருந்தார்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் எந்தக் கொண்டாட்டம் என்றாலும், மண்டபம் பற்றிய பேச்சுக்கு முன் ஒரு தாளை எடுத்துப் பெயர்களை எழுதுகிறோம். கீழே இருப்பவை அந்தத் தாளிலிருந்து கற்றுக்கொண்ட படிகள். ஆறு வாரம் கையில் இருந்தால் எல்லாவற்றையும் நிதானமாகச் செய்யலாம். ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் 2, 4 ஆகிய படிகளை மட்டும் செய்யுங்கள். மற்றவை விடுபட்டாலும் பெரிய நஷ்டமில்லை.

படி 1: எதைக் கொண்டாடுகிறோம்?

பிறந்தநாள், திருமணநாள், பட்டம், புது வீடு, பணி ஓய்வு போன்றவை நாள்காட்டியில் தாமாகவே இடம் பிடித்துக்கொள்ளும். கவனித்துப் பிடிக்க வேண்டியவை சத்தமில்லாமல் கடந்து போகிறவை: கடனின் கடைசித் தவணையைக் கட்டிய நாள். நீண்ட சிகிச்சைக்குப் பிறகு "இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும்" என்று மருத்துவர் சொன்ன நாள். குடியை விட்டு ஓராண்டு ஆனது. இரண்டு முறை தவறிய தேர்வில் மூன்றாம் முறை தேறியது. பேச்சு தாமதமான குழந்தை முதல் முழு வாக்கியம் பேசியது. படுக்கையில் இருக்கும் பெரியவரை ஒருவர் மூன்று ஆண்டுகளாகக் கவனித்துக்கொண்டது. கடைசியில் சொன்னதற்கு வாழ்த்து அட்டை விற்பவர்கள் யாரும் இல்லை. ஆனால் ஒரு குடும்பம் கொண்டாட வேண்டிய முதல் ஐந்து நாட்களில் அதற்கும் இடம் உண்டு என்பேன்.

சந்தேகமாக இருந்தால் இரண்டு வாக்கியங்களை எழுதிப் பாருங்கள். "இதற்கு முன் நாங்கள்..." என்று ஒன்று, "இதற்குப் பின் நாங்கள்..." என்று இன்னொன்று. இரண்டுக்கும் இடையே உண்மையான மாற்றம் தெரிந்தால் அது மைல்கல்தான். ஐம்பது வயது ஆனது என்பதைத் தவிர எழுத ஒன்றுமில்லை என்றால், அந்த ஐம்பதில் எந்தப் பகுதியைக் கொண்டாடுகிறோம் என்று இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அடுத்து, கொண்டாடப்படுபவரிடம் கேளுங்கள். திடீரென்று கதவைத் திறந்து நாற்பது பேர் கத்துவது பிடிக்காதவர்கள் பலர் இருக்கிறார்கள். பிடிக்கவில்லை என்று அவர்கள் சொல்லவும் மாட்டார்கள். அன்றைக்குச் சிரித்து வைத்துவிட்டு அடுத்த ஆண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். "உங்களுக்கு இந்த நாள் எப்படி இருந்தால் பிடிக்கும்? யார் வந்தால் சந்தோஷம்?" என்ற இரண்டு கேள்விகளால் ஆச்சரியம் கெட்டுப்போகாது. வைக்க நினைத்த ஆச்சரியத்தை ஒரு கடிதத்திலோ ஒரு விருந்தாளியிலோ வைத்துக்கொள்ளலாம்.

படி 2: பின்னோக்கி நடந்து பெயர்களை எழுதுங்கள்

இந்த வழிகாட்டியின் முதுகெலும்பு இந்தப் படிதான். மற்ற படிகளைவிட இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்.

ஒரு பெரிய தாளை எடுங்கள். வலது ஓரத்தில் மைல்கல்லை எழுதிவிட்டு, அங்கிருந்து இடப்பக்கமாக ஒவ்வொரு திருப்பமாகப் பின்னால் போங்கள். மகள் பட்டம் பெறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முன்னால் கடைசி ஆண்டு ப்ராஜெக்ட். அதற்கு முன்னால் இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கட்ட முடியாமல் திண்டாடிய மாதம். அதற்கு முன்னால் நுழைவுத் தேர்வு. இன்னும் பின்னால், ஏழாம் வகுப்பில் கணக்கு என்றாலே வயிற்றுவலி வந்த காலம். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூன்று பத்திகளை நிரப்புங்கள்: யார், என்ன செய்தார், அதற்காக எதை விட்டுக்கொடுத்தார்.

மூன்றாவது பத்தியில்தான் பெரும்பாலும் பேனா நின்றுவிடும். கட்டணத்துக்குப் பணம் கொடுத்த மாமா, தன் வீட்டு வேலையை ஓராண்டு தள்ளிப்போட்டார் என்பது அங்கேதான் வெளியே வரும். அக்கா படிக்க வேண்டும் என்று சாயங்காலம் முழுக்க டிவியைப் போடாமல் நான்கு ஆண்டுகள் இருந்த தம்பியின் பெயரும் அங்கேதான் வரும். அவனிடம் யாரும் கேட்கவில்லை. அவன் யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ளவும் இல்லை. முதல் நாள் எழுதும்போது இப்படிப்பட்ட பெயர்கள் வராது. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி என்று எதிர்பார்த்த வரிசைதான் வரும். தாளை மடித்து வைத்துவிட்டு மறுநாள் மறுபடி எடுங்கள். உண்மையான பட்டியல் இரண்டாம் நாள்தான் தொடங்குகிறது.

மனது ஓடவில்லை என்றால் ஒரு உபாயம் இருக்கிறது. "இது எப்படி நடந்தது?" என்று கேட்பதற்குப் பதிலாக "இது எப்படி நடக்காமல் போயிருக்கும்?" என்று கேளுங்கள். மின்கியுங் கூ, சாரா ஆல்கோ, டிமோதி வில்சன், டேனியல் கில்பர்ட் ஆகியோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்தார்கள். துணையை எப்படிச் சந்தித்தோம் என்று எழுதியவர்களைவிட, சந்திக்காமலே போயிருக்கக்கூடிய வழிகளை எழுதியவர்கள்தான் தங்கள் உறவில் அதிக நிறைவைச் சொன்னார்கள். பழகிப்போன நல்லது கண்ணுக்குத் தெரிவதில்லை. அதை ஒரு நிமிடம் கற்பனையில் எடுத்துவிட்டுப் பார்த்தால் அதன் இடம் எவ்வளவு பெரியது என்று தெரிகிறது.

"அவர் சம்பளம் வாங்கிக்கொண்டு தன் வேலையைத்தானே செய்தார்?" என்ற கேள்வி பட்டியல் போடும்போது நிச்சயம் வரும். எங்கள் வீட்டில் ஒவ்வொரு முறையும் வருகிறது. நர்ஸ், டியூஷன் ஆசிரியர், பள்ளி வேன் ஓட்டுநர், வீட்டு வேலையில் உதவுபவர் எல்லோரும் சம்பளம் வாங்கியவர்கள்தான். அவர்கள் செய்ததில் சம்பளத்துக்குள் அடங்காதது எது என்று மட்டும் கேளுங்கள். நேரம் முடிந்தும் போகாமல் உட்கார்ந்த அந்த அரை மணி நேரம், அதே கேள்வியை ஒன்பதாவது முறை கேட்டபோதும் மாறாத குரல். ஒன்றும் இல்லை என்றால் பெயரை எழுத வேண்டாம். பெரும்பாலும் ஏதோ ஒன்று இருக்கும்.

பட்டியல் முடிந்ததும் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு குறி போடுங்கள்: நேரில், கடிதம், போன், "இப்போது இல்லை". முப்பது பெயர் வந்திருந்தாலும் விரிவான நன்றிக்கு ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். மற்றவர்களுக்கு இரண்டு வரி போதும். முப்பது பேருக்கும் நீண்ட கடிதம் எழுத உட்கார்ந்தால் பத்தாவது கடிதத்தில் கை எழுதும், மனது எழுதாது.

படி 3: பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள்

உங்கள் பட்டியலில் ஓட்டைகள் இருக்கும். என் பட்டியலில் அந்த இரவு ஷிப்ட் நண்பர் இல்லாததுபோல. அவற்றை நிரப்பக்கூடியவர்கள் வீட்டில் மூத்தவர்கள்தான். அவர்களோடு பேச விழா நாள் உதவாது, அன்றைக்கு அவர்களுக்கும் நேரம் இருக்காது. இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே உட்காருங்கள்.

"பழைய கதை ஏதாவது சொல்லுங்க" என்றால் எல்லோரும் கேட்ட அதே இரண்டு கதைதான் வரும். குறிப்பாகக் கேளுங்கள். "கையில் காசே இல்லாத மாதம் எது? அப்போது யார் வீட்டுக் கதவைத் தட்டினீர்கள்?" "முதல் வேலை யார் சொல்லிக் கிடைத்தது?" "யாருக்கு நன்றி சொல்லாமலே விட்டுவிட்டோம் என்று இன்னும் உறுத்துகிறது?" இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பதில் வர நேரமாகும்.

இந்தப் பேச்சால் பிள்ளைகளுக்கும் லாபம் இருக்கிறது. அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்ற உளவியலாளர்கள் இருபது கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோலைத் தயாரித்தார்கள். உன் தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் தெரியுமா, பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள் தெரியுமா என்ற வகையில் கேள்விகள் இருக்கும். குடும்பக் கதைகளை அதிகம் அறிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும், வாழ்க்கை தம் கைக்குள் இருக்கிறது என்ற உணர்வும் அதிகமாக இருந்தன. கதை தெரிந்ததால் மட்டுமே அப்படி ஆகிவிடாது. கதை பேசும் குடும்பம் சேர்ந்து உட்காரும் குடும்பமாகவும் இருக்கும், அதுவும் கணக்கில் சேரும். அதனால் வெற்றிக் கதைகளை மட்டும் பொறுக்கிச் சொல்ல வேண்டாம். விழுந்தது, விழுந்தபோது பிடித்தவர், எழுந்தது என்று மூன்றும் இருக்கட்டும். பிடித்தவரின் பெயர் இல்லாத கதையில் நன்றி சொல்ல ஆளில்லை.

பேச்சைப் பதிவு செய்யுங்கள். முதலில் அனுமதி கேளுங்கள்; ஒளித்து வைத்துப் பதிவு செய்வது வேண்டாம். அமெரிக்காவில் டேவ் ஐசே 2003-இல் தொடங்கிய ஸ்டோரிகார்ப்ஸ் அமைப்பு, நெருங்கிய இருவரை ஓர் அறையில் உட்காரவைத்து நாற்பது நிமிடம் பேசவைத்துப் பதிவு செய்கிறது. வீட்டிலும் அந்த நாற்பது நிமிடம் நல்ல அளவு, அதற்கு மேல் பெரியவர்கள் களைத்துப்போவார்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, பேசுபவருக்கு ஒரு கை தூரத்தில், துணி விரித்த மேசை மேல் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். தொடக்கத்தில் தேதியையும் பேசுபவர் பெயரையும் சத்தமாகச் சொல்லுங்கள். பத்து ஆண்டு கழித்துக் கேட்பவருக்கு அது உதவும்.

படி 4: கடிதம் எழுதுங்கள், முடிந்தால் நேரில் வாசியுங்கள்

இந்த இடத்தில்தான் பலர் பின்வாங்குகிறார்கள். "இத்தனை ஆண்டு கழித்துச் சொன்னால் என்ன நினைப்பார்?" "எனக்கு எழுத வராதே." இந்தத் தயக்கத்தை அமித் குமார், நிக்கோலஸ் எப்லி இருவரும் அளந்தே பார்த்திருக்கிறார்கள். அவர்களுடைய ஆய்வு 2018-இல் வெளியானது. நன்றிக் கடிதம் எழுதியவர்களிடம், பெறுபவர் எப்படி உணர்வார் என்று ஊகிக்கச் சொன்னார்கள். பிறகு பெற்றவர்களிடமே கேட்டார்கள். பெறுபவருக்கு ஏற்படும் சங்கடத்தை எழுதியவர்கள் கூட்டிப் போட்டிருந்தார்கள், மகிழ்ச்சியைக் குறைத்துப் போட்டிருந்தார்கள். சொற்கள் சரியாக அமைந்தனவா என்று எழுதியவர் கவலைப்பட்டார். பெற்றவரோ அதில் இருந்த அன்பைத்தான் பார்த்தார்.

ஆகவே இலக்கணம் பற்றிய கவலையை விடுங்கள். ஆனால் உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதில் கவனம் தேவை. "நீங்கள் செய்த உதவியை என்றும் மறக்க மாட்டேன்" என்ற வரியை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். அதனால்தான் அது யாரையும் தொடுவதில்லை. நான் நான்கு விஷயங்களைப் பார்த்துக்கொள்வேன்: அவர் செய்த குறிப்பான செயல், அதற்கு அவர் கொடுத்த விலை, அதனால் என் வாழ்க்கையில் ஆனது, அதில் தெரிந்த அவருடைய குணம். நான்காவதை மறந்துவிடுவோம். தம்பதிகளிடையே நன்றி சொல்வதை ஆராய்ந்த சாரா ஆல்கோவும் அவருடைய குழுவும், "எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது" என்று தன் பயனைப் பேசும் நன்றியையும் "நீ எவ்வளவு அக்கறையானவள்" என்று செய்தவரைப் பேசும் நன்றியையும் பிரித்துப் பார்த்தார்கள். கேட்பவரின் மனதை நெருங்கியது இரண்டாவது வகை.

ஒரு மாதிரி:

"சித்தி, கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஹாஸ்டலை விட்டு வந்து ஐந்து மாதம் உங்கள் வீட்டில் இருந்தேன். நீங்களும் சித்தப்பாவும் கூடத்தில் படுத்துக்கொண்டு, இருந்த ஒரே அறையை எனக்குக் கொடுத்தீர்கள். ஏன் வந்தாய், எப்போது போவாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. நான் எழுந்திருக்காத காலைகளில் கதவைத் தட்டாமல், வாசலில் தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டுப் போவீர்கள். அந்த ஐந்து மாதம் கிடைக்காமல் இருந்தால் படிப்பை விட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அடுத்தவர் கஷ்டத்தைத் துருவிப் பார்க்காமல் பக்கத்தில் இருக்க உங்களுக்குத் தெரிகிறது சித்தி. எனக்கு அது இன்னும் வரவில்லை. அடுத்த மாதம் எனக்கு முனைவர் பட்டம் கிடைக்கிறது. நீங்கள் முதல் வரிசையில் உட்கார வேண்டும்."

இதில் பெரிய வார்த்தை ஒன்றுகூட இல்லை. தண்ணீர்ச் செம்பு இருக்கிறது, அது போதும். அந்தச் செம்பை சித்தி மறந்தே போயிருக்கலாம். தான் மறந்ததை இன்னொருவர் இத்தனை ஆண்டு ஞாபகம் வைத்திருக்கிறார் என்று தெரியும்போது ஒரு மனிதருக்கு வரும் சந்தோஷத்தை வேறு எந்தப் பரிசாலும் கொடுக்க முடியாது.

தவிர்க்க வேண்டியவை சில. நன்றியோடு மன்னிப்பைக் கலக்காதீர்கள்; கேட்க வேண்டியிருந்தால் அதற்கு வேறு நாள். நன்றியோடு வேண்டுகோளைக் கலக்கவே கூடாது. "அப்போது உதவினீர்கள், இப்போதும்..." என்று தொடங்கும் வரி முன்னால் எழுதிய அத்தனையையும் அழித்துவிடும். "நீங்கள் இல்லையென்றால் நானே இல்லை" என்பது உண்மையாக இருந்தாலொழிய எழுதாதீர்கள். கேட்பவர் கூசிப்போவார், நம்பவும் மாட்டார்.

கடிதத்தைத் தபாலில் அனுப்பலாம், போனில் படித்துக் காட்டலாம். போக முடிந்தால் போய்விடுங்கள். மார்ட்டின் செலிக்மன் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வில், இதுவரை சரியாக நன்றி சொல்லாத ஒருவருக்குக் கடிதம் எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு வாரம் தரப்பட்டது. சோதித்த பயிற்சிகளிலேயே உடனடி மகிழ்ச்சியைப் பெரிய அளவில் உயர்த்தியது இதுதான். அந்த உயர்வு ஒரு மாதம் வரை தெரிந்தது, பிறகு மங்கியது. மங்கும் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு தடவை போய் வந்தால் ஆயுளுக்கும் போதும் என்று யாரும் சொல்லவில்லை.

விழா முடிந்து பதினைந்து நாள் கழித்து அப்பாவும் நானும் அந்த நண்பர் வீட்டுக்குப் போனோம். நான் எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். அவர் நடுவில் நிறுத்தி, "எட்டு மாசம் இல்லப்பா, ஏழுதான்" என்றார். பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசாமல், கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்பாவும் அவரும் பழைய மேலதிகாரி ஒருவரைத் திட்டிச் சிரித்துக்கொண்டிருந்ததுதான் அந்த மாலையின் மிச்சம். நன்றி சொல்லப் போகிற இடத்தில் அழுகையை எதிர்பார்த்துப் போகாதீர்கள் என்று சொல்லத்தான் இதைச் சொல்கிறேன்.

படி 5: அந்த நாள்

கையில் இருக்கும் பணத்துக்குள் நடத்துங்கள். கடனில் நடக்கும் விழா அடுத்த மாதத் தவணையில் கசக்கத் தொடங்கிவிடும். ஆட்களின் எண்ணிக்கைக்கு என் அளவுகோல் எளிது: வருகிற ஒவ்வொருவரோடும் கொண்டாடப்படுபவர் ஐந்து நிமிடமாவது உட்கார்ந்து பேச முடிய வேண்டும். மூன்று மணி நேர நிகழ்ச்சி என்றால் முப்பது பேருக்கே கணக்கு இழுபறியாகிறது. அதற்கு மேல் அழைக்க வேண்டியிருந்தால் இரண்டு நாளாகப் பிரித்துவிடலாம்.

நிகழ்ச்சியின் கடைசி அரை மணி நேரத்தை முதலில் திட்டமிடுங்கள். டேனியல் கானமன், பார்பரா ஃபிரெட்ரிக்சன் முதலியோர் 1993-இல் செய்த ஒரு சோதனை விழாவுக்கு ஒட்டாததுபோலத் தோன்றும், ஆனால் ஒட்டும். ஒருமுறை 14 டிகிரி குளிர்நீரில் 60 விநாடி கையை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடி, கூடவே நீர் ஒரு டிகிரி மட்டும் சூடாகும் இன்னொரு 30 விநாடி. எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் நீளமானதையே தேர்ந்தெடுத்தார்கள். முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததே காரணம். நம் விழாக்கள் எப்படி முடிகின்றன? நாற்காலிகளை இழுக்கும் சத்தத்தோடும், கணக்கு தீர்க்கும் சண்டையோடும். அதை மாற்றுங்கள். பேச்சு, கடிதம் வாசிப்பது, பழைய குரல் பதிவைக் கேட்பது ஆகியவற்றில் சிறந்ததைக் கடைசிக்கு வையுங்கள். கணக்கு வழக்கை இந்தக் கூட்டத்தில் அகப்படாத ஒருவரிடம் முன்பே ஒப்படைத்துவிடுங்கள்.

பேசுகிறவர் மூன்று நிமிடத்தில் முடிக்கட்டும். மூன்று பெயர், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சம்பவம். யார் பெயரும் விடக்கூடாது என்று நாற்பது பெயரை வாசிப்பது வருகைப் பதிவேடு மாதிரி ஆகிவிடும், நாற்பத்தொன்றாவது ஆளுக்கும் வருத்தம் மிஞ்சும். மற்றவர்களுக்கான நன்றி அதற்குள் கடிதமாகவோ போனாகவோ போய்ச் சேர்ந்திருந்தால் மேடையில் மூன்று பெயர் சொல்வதில் யாருக்கும் மனக்குறை இருக்காது.

ஓர் எச்சரிக்கை: எல்லா நன்றியும் மேடைக்கு உரியதல்ல. பணம் கொடுத்தது, நோயின்போது பார்த்துக்கொண்டது, வீட்டுச் சண்டையில் நடுவில் நின்றது போன்றவற்றைச் சபையில் சொல்லுமுன் அவரிடமும், சம்பந்தப்பட்ட மற்றவரிடமும் கேளுங்கள். யாருக்கும் தெரியாமல் உதவியவர் அப்படியே இருக்க விரும்பியிருக்கலாம். மாமா கொடுத்த பணம் அத்தைக்குத் தெரியுமா என்பது உங்களுக்குத் தெரியாது!

படம் எடுப்பதை ஒருவரிடமோ இருவரிடமோ விடுங்கள். மற்றவர்கள் போனைப் பைக்குள் வைக்கட்டும். லிண்டா ஹென்கல் ஓர் அருங்காட்சியகத்தில் நடத்திய சோதனையில், பார்த்துவிட்டு மட்டும் வந்த பொருள்களைவிட முழுதாகப் படம் எடுத்த பொருள்கள் பார்வையாளர் நினைவில் குறைவாகவே நின்றன. ஒரு பகுதியை மட்டும் கிட்டத்தில் எடுத்தபோது அந்தக் குறை தெரியவில்லை. எனக்கு அதிலிருந்து கிடைத்த யோசனை: கூட்டப் படம் ஒன்று போதும், மீதியில் கைகளை எடுங்கள். கடிதத்தைப் பிடித்திருக்கும் கை, பேரனின் தோளில் இருக்கும் கை.

நன்றி உங்களுக்குச் சொல்லப்படும்போது வாங்கிக்கொள்ளத் தெரிய வேண்டும். "அதெல்லாம் ஒண்ணுமே இல்ல, விடு" என்று தட்டிவிடுவது அடக்கமாகத் தோன்றும். சொன்னவர் இரண்டு வாரம் யோசித்து எழுதிய வரி தரையில் விழும். "நீ ஞாபகம் வச்சிருக்கியே, அதுவே சந்தோஷம்மா" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு நடந்ததில் உங்களுக்கு நினைவிருக்கும் ஒன்றைக் கூடச் சொல்லுங்கள்.

படி 6: நன்றி சிக்கலாகும் இடங்கள்

இறந்தவர்கள். பட்டியலில் "இப்போது இல்லை" என்று குறித்தவர்களுக்கும் கடிதம் எழுதலாம். அதை அவருடைய மகளிடமோ பேரனிடமோ கொடுங்கள். தங்கள் அம்மா வெளியே யாருக்கு என்ன செய்தார் என்பது பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தெரியாது. அவர்களுக்கு அது புதிய செய்தியாக இருக்கும்.

உறவு முறிந்தவர்கள். பத்து ஆண்டுக்கு முன் தோள் கொடுத்தவர் இன்று பேசுவதில்லை என்றால், அவர் அன்று செய்தது இல்லாமல் போய்விடாது. பெயரைத் தாளில் வைத்திருங்கள். சொல்வதா வேண்டாமா என்பது வேறு கேள்வி. சமாதானத்துக்குத் தூது விடுவதற்கு நன்றியைக் கருவியாக்கினால் அவர் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்.

நன்றியை ஆயுதமாக்குபவர்கள். "உனக்கு எவ்வளவு செஞ்சோம், நன்றி இருக்கா?" என்ற கேள்வியோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு நன்றி என்ற சொல்லே உறுத்தும். தனக்குத் தீங்கு செய்தவருக்கு, அவர் சோறு போட்டவர் என்பதற்காக மேடையில் நன்றி சொல்ல யாரையும் வற்புறுத்தாதீர்கள், முக்கியமாகப் பிள்ளைகளை. வற்புறுத்திப் பெறும் நன்றி வரி வசூல் மாதிரிதான். மனதாரச் சொல்ல முடிகிற பெயர்களோடு பட்டியல் சின்னதாக இருந்தால் இருக்கட்டும்.

கூட்டத்தில் வலியோடு இருப்பவர்கள். உங்கள் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குக் குழந்தை இல்லாத தங்கை வருகிறாள்; உங்கள் பதவி உயர்வுக்கு வேலை போன நண்பர் வருகிறார். அழைக்காமல் விடுவதும் வரச்சொல்லி இழுப்பதும் இரண்டுமே காயப்படுத்தும். தனியாகப் போன் செய்து, "நீ வந்தா எனக்குச் சந்தோஷம். வர முடியலன்னாலும் நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். பிறகு அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

படி 7: முடிந்த பிறகு

பத்து நாளுக்குள் மூன்று வேலைகள். படங்களில் இருபதைத் தேர்ந்தெடுத்து அச்சிட்டு, ஒவ்வொன்றின் பின்னாலும் ஓரமாக மென்மையான பென்சிலால் பெயர்களையும் தேதியையும் எழுதுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறக்கூடும். குரல் பதிவுகளை மூன்று பிரதிகளாக, இரண்டு வகைச் சாதனங்களில் வையுங்கள், ஒரு பிரதி வேறொருவர் வீட்டில் இருக்கட்டும். விடுபட்டுப்போன இரண்டு வரி நன்றிகளை அனுப்பி முடியுங்கள். பதினொன்றாம் நாளுக்குத் தள்ளினால் அடுத்த ஆண்டுக்குப் போய்விடும், இது அனுபவம்.

பெயர் எழுதிய தாளைத் தூக்கிப் போடாதீர்கள். எங்கள் வீட்டில் அதைத் தடித்த அட்டை நோட்டு ஒன்றில் ஒட்டிவிடுகிறோம். அந்த நோட்டைத் தினமும் எடுப்பதில்லை. சோனியா லியூபோமிர்ஸ்கியின் குழு செய்த ஒரு சோதனையில் ஆறு வாரம், வாரத்துக்கு ஒருமுறை நன்றிக்குரியவற்றை எழுதியவர்களுக்குப் பலன் தெரிந்தது, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. அடிக்கடி செய்தால் கடமையாகிவிடுகிறதுபோல. நாங்கள் இன்னும் சோம்பேறிகள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திறக்கிறோம். ஆளுக்கு ஒரு பெயர், ஒரு சம்பவம். சொல்ல இல்லாதவர் சும்மா இருக்கலாம்.

போன மாதம் என் ஒன்பது வயது மகள் ஒரு பெயர் எழுதினாள். எனக்குத் தெரியாத பெயர். யாரென்று கேட்டேன். பள்ளி வேன் ஓட்டுகிற அண்ணனாம். அவள் இறங்கியதும் வேனை எடுக்காமல், வீட்டுக் கதவு திறக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் பார்த்துவிட்டுத்தான் போவாராம். வரும் வியாழக்கிழமை அவளுக்கு நான்காம் வகுப்பு முடிகிறது. அந்தப் பெயருக்குப் பக்கத்தில் "நேரில்" என்று அவளே குறித்து வைத்திருக்கிறாள்.